அடுப்புக்கு மேலே இரண்டாம் பிரதி

கரண்ட் போனபோது நான் சேவ் செய்துகொண்டிருந்தேன். அதுதான் கொடுமை. சேவ் செய்யாத நேரத்தில் போயிருந்தால் கடைசிப் பத்து வரி போயிருக்கும், சனியன் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். தகவலைப் பதியும் பிளாப்பித் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே போய், ஒரு பெரிய இடியோடு நொடி நேரம் வந்து, திரும்பவும் போனது. முக்கால் மணி நேரம் கழித்துக் கம்ப்யூட்டரைப் போட்டேன். அந்த பிளாப்பியைப் படிக்க முடியவில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டேன். அதே வரி. எத்தனை முறை போட்டேனோ, கணக்கில்லை.

1987, மே மாதத்தின் கடைசி வியாழக்கிழமை அது. எங்கள் ஜவ்வாது மலையில் நட்சத்திரம் பார்க்கிற ஆபீஸ் ஒன்றில் நான் ஏழு வருடமாகத் தினக்கூலி டைப்பிஸ்ட். ஆலங்காயத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவன் என்று எங்கள் ஊரில் என்னைப் பற்றி இன்னமும் சொல்வார்கள். நட்சத்திரத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தினம் மூன்று வேளை வெயில் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், வானத்தை எட்டுப் பங்காக வைத்தால் அதில் எத்தனை பங்கு மேகம் என்று பன்னிரண்டு வருடமாக எழுதி வைத்த ரிஜிஸ்டர்கள் இருந்தன. அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. முதல் ஆறு வருடம் ஒரு பிளாப்பி, அடுத்த ஆறு வருடம் இன்னொன்று. இரண்டும் மாதக் கடைசிக்குள் மேலிடத்துக்குப் போய்விட்டால் நிரந்தர வேலைக்கான பட்டியலில் என் பெயரும் போகும் என்று எங்கள் அதிகாரி கோபால்சாமி சார் சொல்லியிருந்தார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

அதனால் எட்டு மாதமாக நான் மனிதனாக இல்லை. மணிக்கு எத்தனை வரி என்று கோபால்சாமி சார் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். சாயங்காலம் நானே அதில் எழுத வேண்டும். ஒவ்வொரு பத்து வரிக்கும் நான் சேவ் செய்கிறேன், அதில் நேரம் வீணாகிறது, ஐம்பது வரிக்கு ஒரு தடவை போதும் என்பார். என்னால் முடியாது. எங்கள் மலையில் காக்கை கம்பியில் உட்கார்ந்தாலே கரண்ட் போகும். பத்து வரி, இரண்டு விரல் அழுத்து, சிவப்பு விளக்கு எரியும், பெட்டி கரகரவென்று அரைக்கும், காத்திரு, அடுத்த பத்து வரி. கழுத்து வலிக்கும், கண் எரியும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு நாலு அடி போய்த் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பேன். தூக்கத்தில் விரலால் அழுத்துகிறேன் என்று என் மனைவி சாந்தம்மாள் கையைக் காட்டுவாள்.

"ராவெல்லாம் என் கையில இன்னாய்யா நசுக்கினு கெடக்குற? ஒருநாளு ஒடச்சிடப் போற."

இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்கு என்பது கோபால்சாமி சார் போட்ட சட்டம். அன்றைக்கு இடி எனக்கும் நன்றாகத்தான் கேட்டது. இன்னும் மூன்றே பக்கம் இருந்தது. முடித்துவிட்டுப் பிடுங்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுடையது.

அவரிடம் போய்ச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காப்பி இருக்கில்ல?"

"இருக்கு சார். போன சனிக்கெழம எடுத்தது. வூட்ல பத்திரமா இருக்கு."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்புறம் ஏன்யா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? காலையில எடுத்துட்டு வா. பதினோரு மணி ஜீப்புல நான் கெளம்பணும். விட்டுப்போன ஒரு வாரத்து வேலய அப்புறமா உக்காந்து போட்டுடு, பின்னால அனுப்பிக்கலாம்."

காப்பியை வீட்டில் வைக்கச் சொன்னதே அவர்தான். இரண்டு பிரதியும் ஒரே கட்டடத்தில் இருக்கக் கூடாது, தீப்பிடித்தால் இரண்டும் போகும் என்று அவர் விளக்க ஆரம்பித்தபோது, பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் விதைச் சாமையை ஒருபோதும் ஒரே வீட்டில் வைப்பதில்லை. பாதி நம் வீட்டில், பாதி பெண் எடுத்த வீட்டில். ஒரு வீடு எரிந்தாலும் அடுத்த வருடம் விதைக்க இன்னொரு வீட்டில் இருக்கும். இதை நான் சொன்னபோது அவர் ஆச்சரியப்பட்டு, "பரவாயில்லையே, படிச்சவனுக்கே இது பத்து தடவ சொல்லணும்" என்றார். எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

பிளாப்பிகள் இருந்த அட்டைப்பெட்டியை வாங்கிய சாந்தம்மாள் ஒரு கேள்விதான் கேட்டாள். "எம்மா நாளு கெடாம இருக்கணும்?" ரொம்ப நாள் என்றேன். எங்கள் வீட்டில் தரையெல்லாம் கரையான், சுவரெல்லாம் ஓதம். கெடாமல் இருக்க ஒரே இடம்தான் உண்டு. அடுப்புக்கு மேலே தொங்கும், சாணம் மெழுகிய விதைக்கூடை. புகை படுகிற இடத்தில் பூச்சி அண்டாது, ஈரம் ஏறாது. அவள் அதில் வைத்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுத்துக் கொடுப்பாள், நான் ஆபீஸுக்குக் கொண்டுபோய் எழுதி எடுத்துவந்து கொடுப்பேன், திரும்ப வைப்பாள். பனியிலும் மாசியிலும் பிளாப்பி நன்றாகத்தான் வேலை செய்தது. நானும் பார்த்தேன். நல்ல இடம் என்று சொல்லவும் சொன்னேன். இதை மறைக்க முடியாது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் மழை விட்ட பாதையில் கிட்டத்தட்ட சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு இறங்கினேன். சாந்தம்மாள் முக்காலி போட்டு ஏறிப் பெட்டியை எடுத்து, முந்தானையால் கரியைத் துடைத்துக் கொடுத்தாள்.

"பாரு, ஒரு பூச்சி அண்டல."

திறந்தேன். இரண்டு பிளாப்பியும் பொரித்த அப்பளம் போல நெளிந்து கிடந்தன. தொட்டால் பிசுபிசுப்பு. அந்த வாரம் ஊரில் திருவிழா. சொந்தக்காரர்கள் வந்து தங்கி, மூன்று நாள் அடுப்பு அணையாமல் எரிந்தது. எனக்கும் தெரியும். நானும் அந்த அடுப்பில் வெந்த கறியைத்தான் தின்றேன்.

"நல்லாக்குதா?" என்று முக்காலி மேலிருந்தே கேட்டாள்.

"நல்லாக்குது" என்றேன்.

மறுநாள் கோபால்சாமி சார் பெட்டியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கக்கூட இல்லை.

"எங்க வெச்சிருந்த?"

"அடுப்புக்கு மேல சார். வெதக்கூடையில."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். திட்டினால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அந்த எட்டு மாதத்தில் வயது ஏறியிருந்தது.

"வூட்டுக்கு எடுத்துட்டுப் போன்னு நாந்தான் சொன்னேன். வாயாலதான் சொன்னேன், எழுத்துல எதுவும் இல்ல. மேல கேட்டா உன்னச் சொல்றதா, என்னச் சொல்றதா?"

வெளியே டிரைவர் ஜீப்பைக் கிளப்பினார். கோபால்சாமி சார் முதல் ஆறு வருடத்து நல்ல பிளாப்பியை மட்டும் பைக்குள் வைத்தார். பட்டியல் தாளை ஃபைலிலிருந்து உருவி, சற்றுநேரம் பார்த்து, மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"ரிஜிஸ்டரு இருக்குல்ல. திருப்பி ஆரம்பி. அடுத்த வருஷம் பாக்கலாம் தீர்த்தகிரி."

ஏழு வருடத்தில் இது எனக்கு மூன்றாவது 'அடுத்த வருஷம்'. ஜீப் வளைவு திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு, உள்ளே போய் ரிஜிஸ்டரைத் திறந்தேன். 1981, ஜனவரி ஒன்று, காலை. அழ வேண்டும் போல இருந்தது, அதற்கும் தெம்பில்லை. அன்று நாற்பது வரி அடித்தேன். சுவரில் இருந்த தாளில் நாற்பது என்றே எழுதினேன்.

வீட்டில் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள், "வேல ஆயிடுச்சா? பேரு போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டாள். மறுபடியும் பொய் சொல்ல வாய் வரவில்லை. வெந்துபோச்சு, இனிமேல் பட்டியலில் பேர் இல்லை, திரும்ப நாலு மாத வேலை என்று எல்லாவற்றையும் சொன்னேன். உன் தப்பில்லை, நானும்தான் பார்த்தேன் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. அண்ணாந்து அடுப்புக்கு மேலே பார்த்தாள்.

"அந்தச் சூட்டுல அது வெந்துச்சின்னா, வெத?"

"ஏ, வெதைக்கு ஒண்ணும் ஆவாது. எத்தினி வருசமா வெக்கிறோம்."

"நேத்து அதுவும் நல்லாக்குதுன்னுதான சொன்ன."

அவள் கூடையை இறக்கி, ஒரு கைப்பிடிச் சாமையை எடுத்துக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, முளை விடுகிறதா என்று பார்க்க ஈரத்துணியில் முடிந்து, தண்ணீர்ப் பானை ஓரத்தில் வைத்தாள். அம்மா வீட்டில் நம் விதை பாதி இருக்கிறது, அது மட்டும் போதாது, அதற்கு மேல் கேட்டாலும் கொடுக்க அவர்களிடமே இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு மூன்று நாளும் அடுப்பை வெளியே, கூரை ஓரத்தில், மூன்று கல் வைத்து மூட்டினாள். துணி முடிச்சில் தண்ணீர் தெளித்தாள், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை.

நான் தினமும் ஆபீஸ் போனேன். 1981 பிப்ரவரி வந்தது. மூன்றாம் நாள் காலையில் நான் புறப்பட நின்றபோது அவள் பானையடியிலிருந்து அந்தத் துணியை எடுத்தாள். முடிச்சைத் தொட்டாள், அவிழ்க்கவில்லை. வாசல் வெளிச்சத்துக்கு வந்து அதை என் பக்கம் நீட்டினாள்.

"நீயே அவுரு" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். துணி கனமாகவும் லேசான சூடாகவும் இருந்தது. முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க, நான் நகத்தால் அதை நெம்ப ஆரம்பித்தேன்.