ஆறா, ஏழா

குழந்தைகளின் சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. 6 என்று போட்டிருந்தால் ஆறு வயது என்று பொருளில்லை. ஏறக்குறைய நூற்றுப் பதினாறு சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு என்று பொருள். பலமுறை துவைத்த பருத்தியாக இருந்தால் அதுவும் பொய். அதனால்தான் ஆஸ்திரேலியாவின் லான்செஸ்டனில் எங்கள் கொட்டகைக்கு நன்கொடையாக வரும் துணி ஒவ்வொன்றையும் மேஜையில் விரித்து, நாடா வைத்து அளந்து, பிறகு அலமாரியில் அடுக்குகிறோம்.

பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை அரசு வளர்ப்புக் குடும்பங்களில் விடும்போது, சமூகப் பணியாளர்கள் எங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நாலு வயசுப் பையன், போட்டிருந்த பைஜாமாவோட வந்திருக்கான்" என்பார்கள். கால்சட்டை, உள்ளாடை, காலுறை, பல் துலக்கி, ஒரு பொம்மை எல்லாம் பையில் போட்டுக் கொடுத்துவிடுவோம். அந்தப் பிள்ளைகளை நாங்கள் பார்ப்பதில்லை.

ப்ரீ எங்களிடம் காலுறைகளுக்கு ஜோடி சேர்க்க வந்தவள். அவள் மகள் டெஸ்ஸா இரண்டு வருடமாக வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை, அரசு அலுவலக அறையில், ஒரு மணி நேரம் பார்க்கலாம். போன மாதம் டெஸ்ஸாவுக்குக் காய்ச்சல் என்று அதுவும் நின்றுபோனது. இதையெல்லாம் ப்ரீ முதல் நாளே, காலுறையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிவிட்டாள்.

ஜூன் மாதம், குளிர்காலம் தொடங்கியபோது, ஒரே மாதிரி இரண்டு சிவப்பு ஜாக்கெட்டுகள் வந்தன. ஒன்று ஆறு, ஒன்று ஏழு. உள்ளே கம்பளித் துணி வைத்துத் தைத்தது, ஜிப் வழுக்கிக்கொண்டு ஏறியது.

"ஒண்ணை டெஸ்ஸாவுக்கு எடுத்துக்க, கண்ணு. வியாழக்கிழமை பாக்கப் போறேல்ல? அவ அளவு என்ன?" என்று ப்ரீயிடம் கேட்டேன்.

"தெரியாது."

வேன் ஓட்டும் நெவில் வாசலிலிருந்து, "வளக்கிறவங்களுக்கு ஃபோனைப் போட்டுக் கேளேன்" என்றான்.

"அவங்க நம்பரை எனக்குத் தருவாங்களா, நெவில்? தெரிஞ்சுக்கிட்டே கேக்குறியா?"

நெவில் பெட்டிகளைத் தூக்கப் போய்விட்டான்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. "கடைசியாப் பாத்தப்போ உன்னைக் கட்டிப்பிடிச்சாளா?"

"விடவே இல்ல, க்ளெனிஸ்."

"அவ உச்சந்தலை உன் மேல எங்க வந்துச்சு? கையை வச்சுக் காட்டு."

ப்ரீ கண்ணை மூடிக்கொண்டு கையை விலா எலும்புக்குக் கீழே கொண்டுபோனாள். உள்ளங்கை லேசாகக் குவிந்திருந்தது. நான் மண்டியிட்டு, தரையிலிருந்து அந்தக் கைவரை நாடாவைப் பிடித்தேன். இரண்டு மாத வளர்ச்சிக்கு ஒரு சென்டிமீட்டர் கூட்டியும், நூற்றுப் பதினைந்துதான் வந்தது. ஆறு சரியாக இருக்கும்.

"ஏழாம் நம்பரைக் குடுங்க டீச்சரம்மா, வளர்ற புள்ள!" என்று நெவில் வேனிலிருந்து கத்தினான். நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவனுக்கு டீச்சரம்மாதான்.

"தொளதொளன்னு இருந்தா கழட்டிருவா" என்றாள் ப்ரீ. "அவ அதைப் போட்டுக்கிட்டே கார்ல ஏறணும். நான் நின்னு பாக்கணும்."

ஆறையே எடுத்துப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"கை எட்டல. மணிக்கட்டுக்கு மேலயே நின்னுடுச்சு. ஜிப் போட்டா இறுக்குதுன்னா."

"அளந்துதானே…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினேன். கட்டிப்பிடிக்கிற பிள்ளை நிமிர்ந்து நிற்காது. முழங்காலை மடக்கி, முழு எடையையும் அம்மா மேல் போட்டுச் சாய்ந்துவிடும். நான் டெஸ்ஸாவின் உயரத்தை அளக்கவில்லை. அவள் சாய்ந்திருந்ததை அளந்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"ஆமா. சாஞ்சுதான் நின்னா" என்றாள் ப்ரீ. சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

"ஜாக்கெட் எங்க?"

"'வீட்ல ஐவின்னு ஒரு குட்டிப் பொண்ணு இருக்கா, அவளுக்குக் குடுக்கட்டுமாம்மா'ன்னு கேட்டா. குடுன்னேன். மடியில வச்சுக்கிட்டுப் போனா." பிறகு, "'அங்க'ன்னு சொல்லல, 'வீட்ல'ன்னு சொன்னா, க்ளெனிஸ்" என்றாள்.

நான் ஏழாம் அளவு ஜாக்கெட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"அடுத்த தடவை பாக்க ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள எவ்வளவு வளருவா?"

"இந்த வயசுல மாசத்துக்கு அரை சென்டிமீட்டர். இது சரியா இருக்கும்."

ப்ரீ நாடாவை இழுத்து, முதல் சென்டிமீட்டரின் நடுவில் இருக்கும் சின்னக் கோட்டில் நகத்தை வைத்தாள். பிள்ளைகள் சில மாதங்களில் வேகமாக வளரும், சில மாதங்களில் மெதுவாக வளரும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இத்தனூண்டுக்கா ஒரு மாசம்?" என்று நகத்தை எடுக்காமலே கேட்டாள்.