சட்டைய வாங்கிக்குவீங்களா?

என் தம்பி சதேகி சிறையிலிருந்து வந்து ஒரு மாதமாகிறது. பூட்ஸோடுதான் தூங்குகிறான். மேலே இரண்டு சட்டை, அதற்கும் மேல் ஒரு கோட்டு. சிட்னியின் ஜனவரிக் கோடை வெயிலில்!

"ஏன்டா, கப்பல் ஏறப் போறியா?" என்று கூடத்திலிருந்தே கத்துவேன். உள்ளே போக மாட்டேன். டோங்கா தீவுக்காரி நான். வளர்ந்த தம்பி படுக்கும் அறையில் அக்கா கால் வைப்பதில்லை. அவன் வெற்றுடம்பை நான் பார்க்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. மரியாதை என்று சொல்லிச் சொல்லியே வாயைக் கட்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது.

பரோல் அதிகாரி சொன்னபடி மனநல கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ஹீதர் என்ற நர்ஸ் கேட்டாள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

"இல்ல மிஸ். நல்லாருக்கேன்."

பச்சைப் பொய். "ஆண்டவரே, என்னை எடுத்துக்கோ" என்று அவன் அழுவதைச் சுவருக்கு இப்பாலிருந்து தினமும் கேட்கிறவள் நான். வழக்கமாவது, மண்ணாவது! வாயைத் திறந்தேன்.

"உண்மையச் சொல்லுடா. இவங்க என்ன ஜெயில் ஆளா?"

தலை நிமிராமல் ஹீதரிடம் கேட்டான்: "சொன்னா சட்டைய வாங்கிக்குவீங்களா?"

சிறைக்குள்ளே அப்படித்தானாம். சாகத் தோன்றுகிறது என்று சொன்னவனின் துணியை உருவிவிட்டு, முரட்டு அங்கி ஒன்றை மாட்டி, விளக்கணைக்காத வெற்று அறையில் போடுவார்களாம். அதனால் அங்கே எல்லாரும் நன்றாகவே இருப்பார்களாம்.

"சேச்சே, இங்க யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க," என்றாள் ஹீதர்.

"நான் இருக்கேன்டா. என்மேல சத்தியம்."

"அப்ப... ஆமாக்கா. தோணுது."

எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. ஹீதர் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

அங்கே எங்களை ஓர் அறைக்குள் அழைத்துப் போன ஊழியர் நல்ல மனிதர்தான். சிரித்தபடி மடித்த அங்கியையும் பிளாஸ்டிக் பையையும் நீட்டினார்.

"இத மாத்திக்கங்க, பிரதர். பூட்ஸ், பெல்ட், துணியெல்லாம் பையில போட்டுடுங்க. உங்க பாதுகாப்புக்குத்தான்."

சதேகி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"ஐயோ, வேணாம், அவன் துணியத் தொடாதீங்க!" என்றேன். "ரூல்ஸ், மேடம்," என்றார். அதற்குள் இவன் கோட்டைக் கழற்றிவிட்டான். வெளியே ஓடிவிடத் திரும்பினேன். கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது.

ஒரு சட்டை விழுந்தது. அடுத்த சட்டை. யாரும் சொல்லாமலே, சிறைச் சோதனைக்கு நிற்பதுபோல், சுவரோரம் போய் நின்று இரு கைகளையும் தூக்கினான். வாயைப் பிளந்து நாக்கை உயர்த்திக் காட்டினான். அக்கா அங்கே நிற்பது அவன் நினைவிலேயே இல்லை.

நான் முகத்தைக் கதவில் அழுத்திக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தேன்.