மேட்டு வழியில் மண் சரிவு

எங்கள் சைக்கிள் குழுவில் எனக்கு மேப்பு என்று பெயர். பதினான்கு பேர் ஞாயிறு காலையில் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புவது என்பதை ஏழு வருடமாக நான்தான் முடிவு செய்கிறேன். வெள்ளிக்கிழமை மருந்துக் கடையில் வேலை முடிந்து வந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். இணைய வரைபடத்தில் ஒரு புள்ளி, அடுத்து ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே போனால் அது வழியை நீலக் கோடாக இழுத்துத் தரும். கீழே மேடுபள்ளத்தைத் தனியாகக் காட்டும். எங்கே லாரித் தொல்லை, எங்கே நாய் துரத்தும், எங்கே தண்ணீர் கிடைக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. வரைபடத்தில் தப்பைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. இல்லாத பாலத்தை நீக்கியிருக்கிறேன், ஒருவழிப் பாதையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். இதுவரை முன்னூற்றுச் சொச்சம் திருத்தம். அதனால் நான் ஒன்றைச் சொன்னால் அந்த வரைபடம் மறுபேச்சு பேசாது.

அந்த நம்பிக்கையில்தான் மண்ணைப் போட்டேன்.

எந்தப் பக்கம் சுற்றினாலும் கடைசியில் நாங்கள் போய்ச் சேர்வது மேட்டுக்கடைக்கு. மூன்று கிலோமீட்டர் ஏற்றம், உச்சியில் ஓர் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நடத்தும் டீக்கடை. ஏற்றத்தில் எப்போதும் நான்தான் முதல் ஆள். ஏறி, பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த வாரத்து வழியைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேரும்போது, "என்ன, இவ்வளவு நேரமா?" என்று கேட்பேன். அப்படிக் கேட்பதில் எனக்கு எவ்வளவு சுகம் இருந்தது என்று இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

இந்த வருடம் ஐம்பத்தைந்து முடிந்தது. முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து என் மச்சினன் குழுவில் சேர்ந்தான். என் மனைவியின் தம்பி; எங்கள் கல்யாணத்தில் அரை டிரவுசரோடு ஓடிக்கொண்டிருந்த பயல். அவன் சேர்ந்த இரண்டாவது வாரம் பாதி மேட்டில் எனக்கு மூச்சு முட்டியது. இறங்கித் தள்ளியிருக்கலாம். பின்னால் அவன் வருகிறான் என்ற நினைப்பு விடவில்லை. செயின் கழன்றுவிட்டதாகச் சொல்லிக் குனிந்துகொண்டேன்.

"நான் பாக்கவா மாமா?" என்று நின்றான்.

"நீ போப்பா. எனக்குத் தெரியாததா?" என்று எரிந்து விழுந்தேன்.

செயின் ஒழுங்காகத்தான் இருந்தது. எல்லோரும் கடந்து போகும்வரை தலை நிமிராமல் அதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, யாரும் பார்க்காமல் தள்ளிக்கொண்டு போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை வரைபடத்தில் மேட்டு வழியில் ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து, 'மண் சரிவு, சாலை அடைப்பு' என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் அந்த வழி முழுக்கத் தடுப்புக் குறி வந்துவிட்டது. உங்கள் உதவிக்கு நன்றி என்று வேறு சொன்னது. குழுவுக்கும் செய்தி அனுப்பிவிட்டுக் கால்வாய் ஓரமாகப் புது வழி போட்டேன். மூன்று ஞாயிறு அந்தத் தட்டைப் பாதையில் நான்தான் முதல் ஆள். கடை ஒன்று மேலே இருக்கிறது என்ற ஞாபகமே எனக்கு வரவில்லை.

ஞாபகம் வந்தது எங்களோடு சைக்கிள் ஓட்டும் நர்ஸுக்கு. "வழி அடைச்சுக் கெடந்தா அக்காவுக்கு சாமான் எப்படிப் போகும்? பாவம் இல்லையா?" என்று நான்காவது வாரம் குழுவில் எழுதினார்.

உடனே குழுவில் இருக்கும் தச்சர் எழுதினார். "மண்ணுதானே. ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்துட்டு வாங்க. பதினாலு பேர் எறங்கினா ரெண்டு மணி நேர வேலை."

சரி, சரி என்று வரிசையாகப் பதில்கள் விழுந்தன. ஆபத்து, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தேன். "நீங்க ஓரமா நின்னு சொல்லுங்க மாமா, நாங்க அள்றோம்" என்றான் மச்சினன். சனிக்கிழமை வரைபடத்தில் அடைப்பை நீக்கிவிட்டு, மண்ணை அள்ளிவிட்டார்களாம் என்று அறிவித்தேன். ஒரு பொய்யைப் பூசி மெழுக இன்னொரு பொய்.

"பாதி அள்ளிட்டுப் போயிருப்பானுங்க. எதுக்கும் மண்வெட்டி இருக்கட்டும்" என்றார் தச்சர்.

ஞாயிறு காலை பதின்மூன்று சைக்கிள்களிலும் மண்வெட்டி கட்டியிருந்தது. நர்ஸ் முதலுதவிப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். நான் மட்டும் வெறுங்கையோடு போயிருந்தேன். வழி நெடுக, இப்போது சொல்லிவிடலாம், அடுத்த திருப்பத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேனே ஒழிய வாய் வரவில்லை.

நான் குறி போட்டிருந்த வளைவுக்கு வந்து நின்றார்கள். சாலை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. சாலையோரக் கரையில் புல் அப்படியே இருந்தது.

"சரிஞ்ச மாதிரியே தெரியலையே" என்றார் தச்சர்.

"நாமதான் எடம் மாறி வந்துட்டோமோ?" என்று நர்ஸ் போனை எடுத்துப் பார்த்தார். அவர்கள் தங்களைத்தான் சந்தேகப்பட்டார்களே தவிர என்னைச் சந்தேகப்படவில்லை.

மச்சினன் கரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நேத்தே யாரோ சுத்தமா அள்ளிட்டாங்க போல. வாங்க, டீ குடிக்கப் போலாம்" என்றான்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தே என்னைக் காப்பாற்றினான். அவனிடம் தோற்கக்கூடாது என்றுதான் இவ்வளவும் செய்தேன். அவன் இரக்கப்பட்டுக் கொடுத்த பொய்யில் ஒளிந்துகொள்ள என்னால் முடியவில்லை.

"மண்ணு சரியவே இல்ல. நான்தான் பொய்யா போட்டேன். என்னால ஏற முடியல. இவன் முன்னாடி எறங்கித் தள்ள வெக்கமா இருந்துச்சு."

"எறங்கித் தள்றதுக்கா?" என்றார் தச்சர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "இந்த வளைவு வந்தா நாங்க பாதிப் பேர் தள்ளிட்டுத்தானே வர்றோம், ஏழு வருஷமா. நீங்க பாத்ததே இல்லையா?"

நான் பார்த்ததே இல்லை.

அன்று எல்லோரும் தள்ளிக்கொண்டே ஏறினோம். மண்வெட்டிகள் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தன. என்னோடு யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. மச்சினன் மட்டும் பக்கத்தில் நடந்தான்.

எங்களைப் பார்த்ததும் அக்கா அடுப்பை விட்டு ஓடி வந்தார். "ஏன் இத்தனை நாளா வரல?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது என் வேலை என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது. ஒன்று விடாமல் சொன்னேன்.

அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை விரித்தபடி நின்றார்.

"அப்போ எங்க வீட்டுக்காரர் இல்லையா காரணம்? போன தடவை நர்ஸம்மாவைப் பாத்து, ஒடம்பு போட்டுட்டீங்கன்னு சொன்னாரே. அதுல கோவிச்சுக்கிட்டுதான் யாருமே வரலைன்னு நெனச்சேன். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியான்னு தெனம் திட்டு. ஞாயித்துக்கெழமை ஆனா முன்பக்கம் வராதேன்னு உள்ளயே உக்கார வெச்சிருக்கேன், மூணு வாரமா."

"எனக்கு அது ஞாபகமே இல்லையேக்கா" என்றார் நர்ஸ்.

உள்ளே ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நரைத்த மனிதர், ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி கதவு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டார். என்னைப் பார்க்கவில்லை. மனைவியிடம்தான் கேட்டார்.

"அப்போ நான் வெளிய வரலாமா?"