ஹோர்சன்ஸில் ராகுகாலம்

இரண்டு நிமிடம். வெறும் இரண்டே இரண்டு நிமிடம். அதற்காக ஒரு கலியாணம் குழம்புமா என்று கேட்பவர்களுக்குப் புஷ்பராணியைத் தெரியாது, அவ்வளவுதான்.

டென்மார்க்கில், கோபென்ஹாகனுக்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்து விடிய ஏழு மணிக்கே வெளிக்கிட்ட கார் அது. ஸ்டோர்பெல்ட் பாலத்தடியில் விடுமுறை நெரிசலில் அகப்பட்டு, ஹோர்சன்ஸ் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து முப்பத்திரண்டு. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையென்றால் பத்தரை தொடக்கம் பன்னிரண்டு வரை ராகுகாலம். புஷ்பராணி காரை விட்டு இறங்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படகைப் பார்த்தார். திரும்பக் காருக்குள் ஏறி இருந்துவிட்டார்.

"நான் ஏற மாட்டன்."

துறையில் பட்டுச்சேலையோடு நின்ற மிதுஷாதான் பெண். அவளுக்கு வயது முப்பத்து மூன்று. பிராண்டேயில் காற்றாலைத் தொழிற்சாலையில் காற்றுக் கணக்குப் பார்க்கிற பொறியியலாளர். எந்த மாதம் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு காற்று வரும் என்று சொல்லிவிடுவாள். காருக்குள் இருக்கிற இந்த அம்மாவிடமிருந்து என்ன வரும் என்று மட்டும் நாலு வருடமாக அவளால் சொல்ல முடியவில்லை. நாலு வருடமாக அவளும் புஷ்பராணியின் மகன் கஜதீபனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். கஜதீபனுக்கு வயது முப்பத்தொன்று. எண்ணிப் பார்த்தீர்களா? பெட்டை பெடியனைவிட இரண்டு வயது மூப்பு. அதுதான் வில்லங்கம். புஷ்பராணி பிடித்த பிடியில் நின்றார். கடைசியில் மகன் ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போன பிறகுதான் கொஞ்சம் இளகினார். "ஒருக்காப் பாக்கிறன். ஒரே ஒருக்கா. மனசுக்குச் சரிவராட்டி, பிறகு இந்தக் கதை என்ர வீட்டில எழும்பக் கூடாது" என்றார். கஜதீபனும் அவசரக்குடுக்கை மாதிரி ஓமென்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டான்.

அந்த ஒரே ஒருக்காதான் இன்றைக்கு.

பெண் பார்க்கப் படகு எதற்கு என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. பிராண்டே கையளவு ஊர். மிதுஷா வீட்டு வாசலில் அல்பர்ட்ஸ்லுண்ட் ஆட்களின் கார் ஒன்று பத்து நிமிடம் நின்றால் போதும், பின்னேரத்துக்குள் கனடாவில் இருந்து தொலைபேசி வரும். சரிவந்தால் பரவாயில்லை; சரிவராமல் போனால் அந்தக் கதையை ஆயுளுக்கும் சுமக்க வேண்டும். சாப்பாட்டுக் கடையில் சந்திக்கலாமென்றால் குசினிக்குள் நிற்கிறவர் யாராவது ஒருவருக்கு மச்சானாக இருப்பார். கடலில் தமிழாட்கள் இல்லை. அதனால் மிதுஷா ஒரு முழுப் படகையே அரைநாளுக்குத் தங்களுக்கென்று பிடித்தாள். பத்து மணிக்கு வெளிக்கிட்டு, ஃபியோர்ட் என்கிற ஒடுங்கிய கடல்நுழைவு வழியாகப் போய், யார்னோ தீவின் கரையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருவதென்று ஏற்பாடு.

படகுக்காரர் ப்ரெபன் எழுபதை நெருங்கிய டேனிஷ்காரர். குளிர்காலமெல்லாம் கரீபியன் கடலில், ஒருகாலம் டென்மார்க்கிடம் இருந்த சென்ட் குரோய் தீவின் கரையோரமாக ஆட்களை அரைநாள் அரைநாளாக ஏற்றி இறக்குவார். கோடை வந்தால் அதே வேலையை இங்கே செய்வார். முகம் வெயிலில் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. அவர் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மிதுஷாவிடம் டேனிஷில் கேட்டார்.

"அந்த அம்மாவுக்குக் கடலென்றால் பயமா?"

"கடலுக்குப் பயமில்லை. நேரத்துக்குத்தான் பயம்."

"இரண்டரைக்கு எனக்கு அடுத்த ஆட்கள் வருகிறார்கள். பன்னிரண்டு மணிவரை காத்திருந்தால் தீவுக்குப் போய்வர ஏலாது."

காருக்குப் பக்கத்தில் புஷ்பராணியின் கணவர் நித்தியானந்தன் கெஞ்சிக்கொண்டு நின்றார். "ராணி, வந்த இடத்தில சும்மா ஏறன். கடலுக்க ராகு எங்க வரப்போறார்?"

"பகிடி விடாதேங்கோ. வந்த காலோட தடங்கல். இது சரிவராது எண்டு கடவுளே காட்டுறார். காரை எடுங்கோ, திரும்பிப் போவம்."

கஜதீபன் மிதுஷாவைப் பார்த்தான், சத்தியம் பண்ணிக் கொடுத்தவனின் பார்வை. அந்தப் பார்வையைக் கண்டதும் மிதுஷாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நாலு வருடம் பொறுத்த பொறுமையை இரண்டு நிமிடம் தின்பதா? அவள் சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரடிக்கு நடந்தாள். பின்னால் அவளுடைய அம்மா விமலராணி ஓடிவந்து முழங்கையில் கிள்ளினார்.

"வாயைத் திறக்காத. முதல் நாளே வாய்க்காரி எண்டு பேர் எடுக்கப் போறியோ?"

மிதுஷா கிள்ளலை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

புஷ்பராணியின் மடியில் உள்ளங்கையளவு கலண்டர் ஒன்று விரித்தபடி கிடந்தது. கோபென்ஹாகன் தமிழ்க் கடையில் வருடப்பிறப்புக்குக் கொடுக்கிற கலண்டர். அதில் ராகுகாலப் பக்கத்தில் விரலை வைத்தபடி அவர் இருந்தார், பார் நீயே என்பதுபோல. மிதுஷா குனிந்து பார்த்தாள். பட்டியலுக்கு அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: 'சூரிய உதயம் காலை 6.00 மணி எனக் கொண்டு கணிக்கப்பட்டது.'

காற்றுக் கணக்குப் பார்க்கிறவளுக்கு அந்த ஒரு வரி போதாதா?

"அன்ரி," என்றாள், "இண்டைக்கு விடிய ஆறு மணிக்கு நீங்கள் என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?"

"ஏன் பிள்ளை? குளிச்சுச் சாமி கும்பிட்டிட்டுத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிண்டனான்."

"வெளியில இருட்டோ?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? வெயில் கண்ணைக் குத்திச்சுது."

"அப்ப ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கேல்ல. முதலே உதிச்சிட்டுது. இதில எழுதியிருக்கிறதை வாசியுங்கோ."

புஷ்பராணி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு அந்த வரியை வாசித்தார். வாசித்து முடித்துத் திரும்பவும் வாசித்தார். முதியோர் இல்லத்தில் மருந்துப் பட்டியலை ஒருதரம் வாசித்து நம்பாத பராமரிப்பு ஊழியர் அவர்.

"ராகுகாலம் மணிக்கூட்டில இல்லை அன்ரி, சூரியனில. உதிக்கிறதில இருந்து படுற மட்டும் பகலை எட்டாப் பிரிக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு நாலாவது பங்கு. ஊரில பகல் பன்னிரண்டு மணித்தியாலம், பங்கு ஒண்டரை மணித்தியாலம், அதுதான் பத்தரை. இஞ்ச இண்டைக்குச் சூரியன் உதிச்சது நாலு முப்பத்தெட்டுக்கு. படுறது இருவத்திரண்டு மணி ரெண்டு நிமிசத்துக்கு." அவள் கைத்தொலைபேசியைத் திருப்பிக் காட்டினாள். "பதினேழு மணித்தியாலம் இருவத்துநாலு நிமிசம். ஒரு பங்கு ரெண்டு மணித்தியாலம் பத்து நிமிசம். இண்டைக்கு ராகுகாலம் தொடங்கிறது பதினொண்டு ஒம்பதுக்கு."

விமலராணி கண்ணை மூடிக்கொண்டார். தொலைந்தது சம்பந்தம் என்று நினைத்திருப்பார், பாவம்.

புஷ்பராணி கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை, பயங்கரமான ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நாங்கள் வீடு குடிபூந்தது?"

"எப்ப அன்ரி?"

"டிசம்பரில. நல்ல நேரம் பாத்துத்தானே..."

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கஜதீபன் இரண்டு கையையும் விரித்து விரித்து வேண்டாம் வேண்டாமென்று காட்டினான். டிசம்பரில் சூரியன் எட்டரை தாண்டியும் எழும்பாது என்பது மிதுஷாவுக்குத் தெரியாதா என்ன?

"அந்தக் கணக்கை வேற நாளைக்கு ஆறுதலாப் பாப்பம். அன்ரி, இப்ப மணி பத்து நாப்பத்தேழு. நாங்கள் ஏறுறதுக்கு இன்னும் இருவத்திரண்டு நிமிசம் இருக்கு. அதை விட்டா மத்தியானம் பதின்மூண்டு இருவது மட்டும் ஏறேலாது!"

இதைத்தான் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. காரை எடுங்கோ என்று இருந்த மனுஷி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். "என்ன எல்லாரும் மரம் மாதிரி நிக்கிறியள்? வாங்கோவன்! தீபன், அந்தப் பெட்டியைத் தூக்கு! இஞ்சருங்கோ, சப்பாத்தைப் பிறகு கட்டலாம்!"

பிறகு ஒரே அமளி. மூன்றரை மணித்தியாலம் காரில் இருந்துவந்த புஷ்பராணி முதலில் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றார். அது துறையின் மற்றத் தொங்கலில் இருந்தது. போய்வர ஒன்பது நிமிடம். மிதுஷாவின் அப்பா கந்தையா, பொரித்த மரக்கறி றோல்ஸ் இருந்த பெட்டியை ஒரு கையிலும் பலகாரப் பெட்டியை மறுகையிலும் பிடித்துக்கொண்டு, தனக்கு யார் உயிர்காப்புச் சட்டை போட்டுவிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார். விமலராணி பட்டுச்சேலைக்கு மேல் செம்மஞ்சள் சட்டையை மாட்ட, அவருடைய தாலிக்கொடி வாரில் கொழுவிக்கொண்டது. ப்ரெபன் சிரித்துச் சிரித்து ஒவ்வொரு வாராக இழுத்துப் பூட்டினார். எதற்காக இந்த ஓட்டமென்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் நேரத்துக்கு வெளிக்கிடுகிற ஆட்களை எந்த டேனிஷ்காரருக்குத்தான் பிடிக்காது?

கடைசியாகப் புஷ்பராணி. வலது கால் முதலில் வைக்க வேண்டும். படகின் படியோ இடது காலுக்குத் தோதாக இருந்தது. அவர் கால் மாற்றித் தடுமாற, மிதுஷா படகிலிருந்து கையை நீட்டினாள். ஒரு கணம் யோசித்துவிட்டு அவர் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார். வலது கால் உள்ளே வந்தது. ப்ரெபன் கயிற்றை அவிழ்த்தபோது மணி பதினொன்று ஏழு.

"ரெண்டு நிமிசம் முந்தி!" என்று கஜதீபன் கத்தினான். நித்தியானந்தன் கைதட்டினார். கந்தையா பெட்டியோடு துள்ளினார். காலையில் இரண்டு நிமிடத்தால் தோற்றவர்கள் இப்போது இரண்டு நிமிடத்தால் வென்றிருந்தார்கள், அது சின்ன வெற்றியா?

ஃபியோர்டில் வெயில் பளபளத்தது. இரண்டு பக்கமும் பச்சை வயல்கள், தொலைவில் வெள்ளைத் தேவாலயம் ஒன்று. யார்னோ தீவின் கரையோரம் ப்ரெபன் வேகத்தைக் குறைத்துக் காட்ட, கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கடல்நாய் தலையை நீட்டி இவர்களைப் பார்த்தது. "ஐயோ, மொட்டைத் தலையோட எங்கட சித்தப்பா!" என்று புஷ்பராணி சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ப்ரெபன் றோல்ஸைக் கடித்துவிட்டு, கரீபியனில் இருபது வருடம் ஓடியும் படகில் இப்படி ஒரு சாப்பாடு கிடைக்கவில்லை என்றார். உறைப்பில் அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புஷ்பராணி எல்லாவற்றையும் கதைத்தார், ஒன்றைத் தவிர. காற்றாலை எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டார். பிராண்டேயில் மரக்கறி கிடைக்குமா என்று கேட்டார். கலியாணம் என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. பன்னிரண்டு மணியானது. பன்னிரண்டரையும் ஆனது. வழக்கம்போல 'வீட்ட போய் அறிவிக்கிறம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாரோ? அப்படிச் சொன்ன எத்தனை பேர் பிறகு அறிவித்திருக்கிறார்கள்? விமலராணிக்குப் பொறுக்க முடியவில்லை.

"அப்ப என்ன மாதிரி? பிள்ளையளின்ர விசயம்..."

புஷ்பராணி விரலை உயர்த்தினார். "நல்ல விசயம் ராகுகாலத்தில கதைக்கக் கூடாது. உங்கட மகள்தானே சொன்னவ, பதின்மூண்டு இருவது மட்டும் எண்டு."

மிதுஷா தலையில் கைவைத்தாள். பழைய கணக்கென்றால் பன்னிரண்டுக்கே முடிந்திருக்கும்! தன் வாயாலேயே எண்பது நிமிடத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறாளே! கஜதீபன் அவளைப் பார்த்து, தேவையா உனக்கு என்று கண்ணால் கேட்டான்.

படகு திரும்பி ஹோர்சன்ஸ் பக்கம் ஓடத் தொடங்கியது. பதின்மூன்று பத்து. பதின்மூன்று பதினைந்து. எல்லோருடைய கண்ணும் புஷ்பராணியின் கைக்கடிகாரத்தில். என்ன நடக்கிறது என்று விளங்காவிட்டாலும் ப்ரெபனும் இயந்திரத்தைத் தணித்துவிட்டார். பதின்மூன்று இருபது ஆனது. புஷ்பராணி உத்தரவாதத்துக்கு இன்னும் ஒரு நிமிடம் விட்டார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மிதுஷாவின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வயசு மூப்பு எண்டு நாலு வரியம் அரியண்டப்பட்டனான். முப்பத்திரண்டு வரியமா இந்த நாட்டில பிழையான நேரத்தைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன், என்ர வீட்டில ஒருத்தருக்கும் அதைச் சொல்லத் தெரியேல்ல. தெரிஞ்சிருந்தாலும் எனக்கு முன்னால நிண்டு சொல்லத் துணிவு இல்லை. நீ சொன்னனீ."

காலையில் நீர் என்றவர் இப்போது உரிமையோடு நீ என்றார். மிதுஷாவின் கண் நிறைந்துவிட்டது.

"நன்றி அன்ரி," என்றாள்.

"அன்ரியோ? ஆர் அன்ரி?" புஷ்பராணி முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார், ஆனால் கண் சிரித்தது. "இனி அன்ரி எண்டு கூப்பிட்டா நான் திரும்பியும் பாக்க மாட்டன்."

நாலு வருடமாக யாருமில்லாத அறையில், காருக்குள், கண்ணாடிக்கு முன்னால் இரகசியமாகச் சொல்லிப் பார்த்த அந்தச் சொல்லை மிதுஷா ஃபியோர்டின் இரண்டு கரைக்கும் கேட்கத்தக்கதாகக் கத்தினாள்:

"மாமி!"