அழியக் கூடாத கோடு

வேலுத்தாய் ஈரத்துணியில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து தம்பி பெண்டாட்டி கலையரசியின் முன்னால் நின்றாள். கலையரசியின் மகள் சுசித்ராவுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் சின்னமனூரிலிருந்து கிளம்பிவிட்டார்கள்.

அவள் கழுத்தடியில், காறை எலும்புக்கு மேலே ஊதா மையில் கோடு போட்டிருந்தது. மார்பில் ஆபரேஷன் முடிந்தபின், நோய் அக்குள் நெறிக்கட்டிகளுக்கும் போயிருக்கிறதென்று மதுரை ஆஸ்பத்திரியில் அங்கெல்லாம் கதிர்வீச்சு கொடுத்துவந்தார்கள். கோடு அழியக் கூடாது, இடையில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ரவிக்கைக்கு மேல தெரியுது. பொண்ணுக்கும் வரும்னு நெனைக்க மாட்டாகளா?" என்றாள் வேலுத்தாய்.

கலையரசி தடுக்கவில்லை. துணி அக்குள்வரை போனது. ஆபரேஷனுக்குப் பிறகு அங்கே தொட்டாலும் தெரிவதில்லை. யார் உடம்பையோ துடைப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் மொக்கச்சாமி அவள் முகத்தைப் பார்க்காமலே, கல்யாணம் முடியும்வரை மதுரைக்குக் கரண்டு வைக்கப் போக வேண்டாம் என்றான்.

அவளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போனவள், மழையில் ஜீப்பு கிடைக்காமல் எஸ்டேட்டிலேயே தங்கிவிட்டாள் என்று சொல்வதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் தாய் கேட்டபோது அதைச் சுசித்ராவே சொன்னாள். கதவுக்கு இந்தப் பக்கம் கலையரசிக்குக் கேட்டது. அழுகை வரவில்லை.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் கடிந்துகொண்டு மறுபடி அளந்து கோடு போட்டார்கள். கதிர்வீச்சு முடிந்து வெளியே வந்தவள் மாப்பிள்ளையின் தாய்க்குப் போன் செய்தாள்.

"மதினி, நான் மலைக்குப் போகல. வீட்டுக்குள்ளதான் இருந்தேன். எனக்கு மார்புல கேன்சரு. வைத்தியம் நடக்குது. எம்மக சொன்னது நாங்க சொல்லிக்குடுத்த பொய்யி."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் தரகர் வந்தார். ஜாதகத்தை வேறிடத்தில் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். பூ வைக்கும்போது பொருந்தியிருந்த ஜாதகம்தான் அது. மொக்கச்சாமி சாப்பிடவில்லை. மகள் வாழ்வைக் கெடுத்தவள் என்று வேலுத்தாய் தெருவில் நின்று சொன்னாள். சுசித்ரா அம்மாவிடம் பேசவேயில்லை.

விடிந்ததும் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, கலையரசியின் பக்கத்தில் நின்றாள்.

"எனக்கும் வருமாம்மா?"

கலையரசி மகளை நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்வியை ஊரே கேட்டாயிற்று, இவளிடம் மட்டும் யாரும் அதைப் பற்றிப் பேசியிருக்கவில்லை.

"தெரியலத்தா. ஏறு, டாக்டருகிட்டயே கேப்போம்."