விழுந்தவர்கள் எழுந்திருக்கும் விதம்

பட்டியல்காரர் என்றுதான் அலுவலகத்தில் அவருக்குப் பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அந்த நிறுவனம் தயாரித்த சண்டை விளையாட்டில் யார் யார் மோதலாம், யார் யார் வாசலோடு திரும்ப வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர் அவர். நிறுவனத்தின் சொந்த ஆட்கள் ஒரு பக்கம், வேறு நிறுவனங்களின் விளையாட்டுகளிலிருந்து ஒப்பந்தம் போட்டு அழைத்து வந்த விருந்தாளிகள் ஒரு பக்கம் என்று எல்லோரும் ஒரே மேடையில் அடித்துக்கொள்ளும் விளையாட்டு அது. முதல் பாகம் சக்கைப்போடு போட்டது. இரண்டாம் பாகத்துக்குப் பழைய விருந்தாளிகளை மறுபடி அழைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, பட்டியல்காரர் கூடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அது அவருடைய கொள்கை. கொள்கையை மனசுக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவருக்குக் கிடையாது. ஒரு வீடியோ பேட்டியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்லியே விட்டார்.

“விருந்தாளின்னா ஒரு தடவை வரணும், நல்லா இருந்துட்டுப் போகணும். மறுபடியும் பெட்டியோட வந்து நின்னா, துண்டு எந்த அலமாரியில இருக்குன்னு அவங்களே போய் எடுத்துக்குவாங்க. அப்புறம் அவங்களை யாரு விருந்தாளியாப் பார்க்கப் போறா?”

விளையாடுகிறவர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். முக்கால்வாசித் திட்டு ஓடக்காரிக்காக வந்தது. அவள் ஒரு சாதுவான விளையாட்டிலிருந்து வந்தவள். அந்த விளையாட்டில் அவளுக்கு வேலை, அக்கரைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு, அவர்கள் கதையைக் கேட்டபடி துடுப்புப் போடுவது மட்டுமே. ஒரு கணவனும் மனைவியும் தங்கள் வீட்டு அறையில் உட்கார்ந்து செய்த விளையாட்டு. அவளைப் போய்ச் சண்டைக்கு அழைத்ததே ஒரு குறும்புதான். வந்தவள் துடுப்பை ஊன்றிக்கொண்டு, அடி வாங்கிய பிறகே அடி கொடுத்து, சொந்த ஆட்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டாள். பட்டியல்காரருக்கு அதிலும் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. வீட்டுப் பிள்ளைகள் வாடி நிற்க விருந்தாளி கொடி கட்டிப் பறந்தால் எந்தத் தகப்பனுக்குப் பிடிக்கும்?

ஓடக்காரிக்கு அசைவு கொடுத்த அனிமேட்டர் மட்டும் அவரிடம் நேருக்கு நேர் வாதாடினாள். இத்தனை நாள் ஓடக்காரியை வைத்து ஆடிக் கை பழகியவர்களை நாம் நடுத்தெருவில் விடுகிறோம் என்றாள். வேறு ஆளோடு பழகிக்கொள்ளட்டும் என்றார் இவர். செருப்பு மாற்றுகிற மாதிரி சொல்கிறீர்களே என்று முணுமுணுத்துவிட்டு அவள் தன் மேஜைக்குப் போனாள். ஓடக்காரியின் சொந்தக்காரர்களுக்கு நன்றி சொல்லி, மரியாதையாக விடை கொடுத்தாயிற்று. விஷயம் முடிந்தது என்று பட்டியல்காரர் நிம்மதியாகத் தேநீர் குடித்தார்.

விருந்தாளிகளை நீக்கிய நாளில் சோதனை அறையில் நடந்ததை இப்போதும் அங்கே சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. விருந்தாளிகளுக்கென்று செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்துவிட்டு, சோதனை செய்கிறவர்கள் முதல் சண்டையைத் தொடங்கினார்கள். சம்மட்டி என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடும் தடியன் ஒரு பக்கம், பனி ராட்சசன் மறுபக்கம். சம்மட்டி ஒரு குத்து விட்டான். ராட்சசன் மல்லாந்து விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. பொத்தானை எப்படி அழுத்தியும் அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சம்மட்டி முஷ்டியை மடக்கியபடி அவனுக்காகக் காத்திருந்தான். வேறு ஜோடியைப் போட்டார்கள், அங்கேயும் அதே கதை. அந்த விளையாட்டில் அடித்தவன் நின்றான், விழுந்தவன் கிடந்தான், அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

பட்டியல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகத் திரும்பி அனிமேட்டரைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பாகம் செய்தபோது ஓடக்காரியைத்தான் எல்லோருக்கும் முன்னால் முடித்தார்கள். விருந்தாளி என்றால் சொந்தக்காரர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டுமே, அதனால். மற்றவர்களுக்கு வந்தபோது கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது. விழுந்து எழுந்திருப்பதைத் தனித்தனியாகச் செய்ய நேரமில்லை. ஓடக்காரி எழுந்திருப்பதையே எல்லோருக்கும் போடு, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று சொன்னது சாட்சாத் பட்டியல்காரரேதான். உண்மையில் யாரும் கவனிக்கவில்லை. ராட்சசனும் சம்மட்டியும், சேர்ந்தே சண்டைக்கு வரும் இரட்டைப் பிள்ளைகளும் இத்தனை நாளாக ஓடக்காரி மாதிரியே எழுந்துகொண்டிருந்தார்கள். அவள் போனாள், எல்லோருடைய எழுச்சியும் அவளோடு போய்விட்டது.

புதிதாகச் செய்தால் என்ன? அனிமேட்டர் செய்து பார்த்தாள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டம் கெட்டுப்போயிற்று. ஓடக்காரி எழும்போது முழங்காலில் கையை ஊன்றி, ஒரு கணம் அப்படியே நின்று, மூக்கால் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் நிமிர்வாள். அந்த ஒரு கணத்தில்தான் எதிராளி கிட்டே போவதா தள்ளி நிற்பதா என்று யோசிப்பான். மொத்த ஆட்டத்தின் நிதானமும் அதில் இருந்தது. புதிய அசைவில் எல்லோரும் வாணலியில் போட்ட கடுகு மாதிரி எகிறினார்கள். எல்லாவற்றையும் திரும்பச் சரிக்கட்ட மாதக்கணக்கில் ஆகும். சொன்ன தேதியில் விளையாட்டு வெளிவராவிட்டால் குழுவையே கலைத்துவிடுவோம் என்று மேலிடம் முன்பே சொல்லியிருந்தது. கலைத்தால் அந்த மாடி முழுக்கக் காலியாகிவிடும். கொஞ்சம் மாற்றி அதே மாதிரி செய்துகொள்ளலாமா என்று வக்கீலிடம் கேட்டார்கள். விருந்தாளிக்காகச் செய்தது எல்லாம் விருந்தாளியின் சொந்தக்காரர்களுடையது, அதன் பக்கத்திலேயே போகாதீர்கள் என்று அவர் கையை விரித்தார்.

ஆக, ஓடக்காரியைத் திரும்ப அழைப்பது ஒன்றுதான் வழி. அழைக்க வேண்டியவர் பட்டியல்காரர். ஓடக்காரியின் சொந்தக்காரர்கள் அந்தப் பேட்டியைப் பார்த்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார். அனிமேட்டரையும் மடிக்கணினியையும் கூட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் கிளம்பினார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவள் கேட்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்காக அவளுக்கு அவர் மனசுக்குள் நன்றி சொன்னார்.

வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தவர் ஓடக்காரியை வரைந்த ஓவியர், தாடி வைத்த சாது மனிதர். வாங்க வாங்க என்று ஒரு பழைய சோபாவில் உட்காரவைத்தார். அது உட்கார்ந்தவரை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும் சோபா. எதிரே தரையில் ஒயர்களுக்கும் தலையணைகளுக்கும் நடுவே அவர் மனைவி கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் கணினி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். விளையாட்டுக்கு நிரல் எழுதுகிறவர் அவர்தான். கடிதங்களில் கையெழுத்து எப்போதும் ஓவியருடையதாக இருந்ததால், பட்டியல்காரர் தான் தயார் செய்து வந்ததையெல்லாம் ஓவியரைப் பார்த்தே சொன்னார். மக்கள் அன்பு, புதிய வாய்ப்பு, கூடுதல் பங்கு என்று அடுக்கினார். ஓவியர் புன்னகையோடு கேட்டுவிட்டு மனைவி பக்கம் கையைக் காட்டினார்.

“என்னைக் கேட்டு என்ன சார்? அவளைக் கேளுங்க.”

மனைவி கணினியை மூடினார். உங்கள் பேட்டியைப் பார்த்தேன் என்றார். பட்டியல்காரருக்குக் காது சூடாயிற்று. அவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள், இவ்வளவு நாளில் நமக்குப் புரிகிற மாதிரி பேசியவர் இவர் ஒருவர்தான் என்று அன்றைக்கே கணவனிடம் சொன்னதாக மனைவி சொன்னார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். அதுதான் பட்டியல்காரருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

ஓடக்காரி சண்டைக்குப் போய்வந்த பிறகு தங்கள் விளையாட்டுக்கு ஆட்கள் கூடினார்கள் என்பது வாஸ்தவம்தான் என்றார் மனைவி. ஆனால் வருகிறவர்கள் படகில் ஏறியதும் எந்தப் பொத்தானை அழுத்தினால் துடுப்பால் அடிக்கலாம் என்று கேட்டார்கள். படகில் ஏறும் ஒரு கிழவர் தன் மகனைப் பற்றிச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அதைக் கேட்காமல், இவரைத் தண்ணீரில் தள்ள முடியாதா என்று எழுதியவர்களும் உண்டு.

“நீங்க சொன்னதுதான் சார். போய்ட்டு வந்தா. நல்லா பார்த்துக்கிட்டீங்க, குறை ஒண்ணும் இல்ல. இப்ப அவ வீட்டுல இருக்கட்டும். அவளுக்கு இங்க வேலை இருக்கு.”

தன் வார்த்தையே இன்னொருவர் வாயிலிருந்து, தன்னைவிட அழகாக வருவதைப் பட்டியல்காரர் கேட்டார். தயார் செய்து வந்த பேச்சு தீர்ந்துபோயிருந்தது. இனி உண்மையைத் தவிர அவரிடம் வேறு சரக்கு இல்லை. அனிமேட்டரிடம் திரையைத் திறக்கச் சொன்னார்.

முதலில் ஓடக்காரியை எடுத்த பிறகு இருக்கும் நிலைமையைக் காட்டினார்கள். ராட்சசன் விழுந்தான், கிடந்தான். ஓவியர் சிரித்துவிட்டார். பிறகு பழைய ஆட்டத்தைக் காட்டினார்கள். ராட்சசன் விழுந்தான். முழங்காலில் கையை ஊன்றினான், ஒரு கணம் நின்றான், மூச்சு விட்டான், எழுந்தான். சம்மட்டி விழுந்தான், கையை ஊன்றி எழுந்தான். இரட்டைப் பிள்ளைகள் ஒன்றாக விழுந்து ஒன்றாகக் கையை ஊன்றினார்கள். வரிசையாக எல்லோரும் விழுந்து விழுந்து எழுந்தார்கள். அந்த அசைவைத் தான் கற்பனை செய்யவில்லை, ஓடக்காரி படகிலிருந்து எழுந்திருக்க ஓவியர் வரைந்ததை வைத்தே செய்ததாக அனிமேட்டர் சொன்னாள்.

மனைவி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே இது?”

“தெரியலையா?” என்றார் ஓவியர். “நீதான்.”

அவர் திரும்பிக் கணவனைப் பார்த்தார். ஓவியர் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். அப்போது வீட்டில் ஒரு மேஜைதான் இருந்தது. அதில் அவர் வரைந்தார், மனைவி தரையில் உட்கார்ந்து நிரல் எழுதினார். பிழை வரும், திட்டுவார், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பவும் உட்காருவார். நாள் பூராவும் கண்ணெதிரே நடந்ததைத்தான் கை வரைந்தது.

“நான் இவ்வளவு கஷ்டப்பட்டா எழுந்திருக்கேன்?”

“கஷ்டமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் எழுந்துட்டே. அதைத்தான் வரைஞ்சேன்.”

திரையில் ராட்சசன் மறுபடி விழுந்து மறுபடி எழுந்தான். மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பை அந்தக் கை தாங்குவதைப் பட்டியல்காரரும் பார்த்தார். இத்தனை நாள் இந்த அசைவைத் தினமும் பார்த்திருக்கிறார், ஒருநாளாவது பார்த்தாரா? தன் கொள்கை, பேட்டி எல்லாம் அவருக்கு அந்த நேரத்தில் மறந்தே போயிற்று. ஓடக்காரி வர வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டார்.

“ஓடக்காரி வரட்டும்மா,” என்றார். “தேதிக்காகச் சொல்லலை. நானே கேக்கறேன். வரட்டும்.”

மனைவி தலையை ஆட்டினார். முகத்தில் கோபமில்லை.

“வேணாம் சார். நீங்க மாறாதீங்க. அவ வர மாட்டா. ஆனா விழுந்தவங்க எழுந்திருக்கட்டும், அதை எடுத்துக்கோங்க. எழுந்திருக்கிறதுக்கெல்லாம் நான் சொந்தம் கொண்டாட முடியுமா? எங்க கையெழுத்து வேணும்னா உங்க வக்கீல்கிட்ட சொல்லி அனுப்புங்க.”

அனிமேட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைக்கவில்லை என்றும் சாதித்தாள். குழு பிழைத்தது. பட்டியல்காரரின் கொள்கையும் பிழைத்தது. இரண்டுக்கும் சேர்த்து அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஓடக்காரி இல்லாத பட்டியலை நினைத்தபோது முதல்முறையாக அதில் ஒரு இடம் காலியாக இருப்பதுபோல அவருக்குப் பட்டது. கேட்டு மறுக்கப்பட்ட வருத்தம் அது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

ஓவியர் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தார்கள். கிளம்புகிறோம் என்று அனிமேட்டர் மடிக்கணினியை மூடி எழுந்து நின்றாள். பட்டியல்காரர் எழ முயன்றார். சோபா விடவில்லை. அவருடைய வலது கை தானாகவே முழங்காலுக்குப் போயிற்று. ஊன்றினார், ஒரு கணம் அப்படியே நின்றார், மூக்கால் ஒரு மூச்சு விட்டார், மீதி உடம்பைத் தூக்கி நிமிர்ந்தார். மூன்று பேரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது.

“அதுவும் என்னுதுதான் சார்,” என்றார் தரையில் உட்கார்ந்திருந்தவர். “வெச்சுக்கோங்க.”