புகை வந்த இடம்

ஆஸ்பத்திரி வாசலில் வேகத்தைக் குறைத்தபோது, வேனில் அந்த மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது. இன்ஜின் படம் போட்ட சின்ன விளக்கு. கூடவே வண்டி, குளிர்காய்ச்சல் கண்டவன்போல ஒருமுறை உதறியது. டயாலிசிஸுக்கு வந்திருந்த பெரியவர் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மறுபடியுமா? இப்பத்தானேம்மா உன் கொழுந்தன் என்னமோ புதுசா மாத்தினான்?"

"ஆமாங்க ஐயா."

"நடுரோட்டுல நின்னா உனக்கு வண்டி போகும், எனக்கு உசுரு போகும். பாத்துக்க" என்று சிரித்தார். ஸ்டியரிங்கில் இருந்த அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவள் ஏற்றிச்செல்லும் நோயாளிகள் எல்லோருக்கும் அவள் 'வேன் அக்கா'. முன்பு இந்த வண்டியை ஓட்டியது அவள் கணவன். அவன் இறந்தபின் சொந்தபந்தம் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுக் கலைந்துபோக, அவள் லைசென்ஸ் எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வண்டியின் நோவுநொடி பார்க்கக் கணவனின் தம்பி இருந்தான். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. வேறென்ன வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள்.

விளக்கு முதலில் எரிந்தபோது சென்சார் போய்விட்டது என்று மாற்றினான். சில நாள் அணைந்திருந்தது. மறுபடி எரிந்தபோது ப்ளக்குகளை மாற்றினான். பிறகு ஒருநாள், முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அண்ணி, இது இன்ஜினுக்கே வந்த கேடு. ஓடுறப்பவே தள்ளிவிட்டுருங்க. ஒருத்தர் கேட்டுட்டிருக்காரு."

"யாரு?"

"தெரிஞ்சவருதான்."

அந்த 'தெரிஞ்சவர்' அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டார். அதன்பிறகு எல்லாமே வேறு நிறத்தில் தெரிந்தன. பானட்டைத் திறக்கும்போது பக்கத்தில் போய் நின்றால் "கை கரியாகும், உள்ள போங்க அண்ணி" என்பான். கழற்றிய சென்சாரைக் கேட்டால் "குப்பையில போட்டாச்சு" என்பான். எழவு வீட்டில், பாடை எடுப்பதற்கு முன்பே, வேன் சாவி எங்கே என்று கேட்டவனும் அவன்தான். அன்று அது பொறுப்பாகத் தெரிந்தது. இப்போது சாப்பாட்டுத் தட்டின்முன் உட்கார்ந்தால் அந்தக் கேள்விதான் முதலில் வந்து உட்கார்ந்தது.

பெரியவரை உள்ளே விட்டுவிட்டு, அவள் நேராக ஊரின் மறுகோடிக்கு ஓட்டினாள். அங்கே 'சோடாபுட்டி' என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் இருந்தார். தடிமனான கண்ணாடி, எப்போதும் எரிச்சலான முகம். "இன்ஜின் போச்சாம், பாருங்க" என்றாள்.

"யாரு சொன்னா? இன்ஜினே வந்து சொல்லுச்சா?"

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகி, திரையில் வந்த எண்ணைப் பார்த்தார். பெட்ரோலுக்குப் பொருந்தாத அளவு காற்று உள்ளே போகிறதாம். "சரி, எதையாவது மாத்தணுமா?" என்று அவள் கேட்டதும் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார்.

"நாய் குரைக்குதுன்னு நாயை மாத்தினா திருடன் போயிருவானாம்மா? எதுக்குக் குரைக்குதுன்னு முதல்ல பாக்கணும்."

திருடன் என்ற சொல்லில் அவள் திடுக்கிட்டதை அவர் கவனிக்கவில்லை. இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் ஒரு சின்ன டப்பாவிலிருந்து புகையைச் செலுத்தினார். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியில், கை நுழையாத ஓர் இடுக்கிலிருந்து, பீடி குடிப்பவன் ஒளிந்திருப்பதுபோல மெல்லப் புகை எழுந்தது. விரலளவு ரப்பர் குழாய் ஒன்று கிழிந்திருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"சென்சாரு, ப்ளக்கு?"

"ரெண்டும் புதுசு. நல்ல பொருளாத்தான் போட்டிருக்காங்க. தேவைதான் இல்ல."

அப்படியென்றால் ஏமாற்றவில்லை. அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கழற்றிக் கொடுத்த குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "தானா கிழிஞ்சதா, யாராவது வெட்டினதா?"

அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இந்தப் பக்கம் பழசாகி வெடிச்சிருக்கு. அந்தப் பக்கம் கோடு நேரா இருக்கு. கத்தியும் பட்டிருக்கலாம், பழைய ரப்பர் அப்படியும் கிழியும். கண்ணால பாக்காததுக்கு நான் சாட்சி சொல்லமாட்டேன்."

புதுக் குழாய் ஏறியதும் விளக்கு அணைந்தது. வண்டி உதறவில்லை.

சாயங்காலம் பெரியவரை வீட்டில் இறக்கிவிட்டு, அவள் பட்டறைக்குள்ளேயே வேனைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கிழிந்த குழாயைக் கொழுந்தனின் கையில் வைத்தாள்.

"வேற இடத்துக்குப் போனீங்களா?" என்றான்.

"போனேன். நீ ஏன் பாக்காமலே மாத்தினே?"

அவன் முகம் சுண்டிப்போனது. "பாக்குற மெஷின் என்கிட்ட ஏது அண்ணி? இதுவா இருக்கும், அதுவா இருக்கும்னு மாத்தினேன். தெரியலன்னு உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

"வண்டிய விக்கச் சொன்னது?"

"நோயாளியோட நடுவழியில எங்கயாவது நின்னுட்டா? அண்ணன் இருந்தா அதையேதான் சொல்லியிருப்பான்."

சொன்னபடியே குழாயை விரல்களால் வளைத்தான். கிழிசல் வாயைத் திறந்தது. அதன் நேர்க்கோட்டுப் பக்கத்தில் அவன் கட்டைவிரல் ஒரு நொடி நின்றது, பிறகு நகர்ந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"வேற ஏதாவது கேக்கணுமா அண்ணி?"

கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. இந்த வீட்டில் அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே உறவு அவன். "இல்ல" என்றாள்.

"அந்த மெக்கானிக் குழாய்க் கிளாம்ப்பை இறுக்கமாப் போட்டானான்னு ஒரு தடவை பாத்துடறேன்" என்று அவன் பானட்டைத் தூக்கினான்.

இந்தமுறை அவள் உள்ளே போகவில்லை. பட்டறைக்குள் இருட்ட ஆரம்பித்திருந்தது. போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு அவன் தோளருகே வந்து நின்றாள்.

"இன்னும் கீழ காட்டுங்க, குழாய் தெரியல" என்றான்.

வெளிச்சம் நகரவில்லை. அது அவன் விரல்களின் மேலேயே நின்றது.